கருத்தரிப்புக் காலத்தில் மூளைக் குருதிச் சுற்றோட்டம்

கருத்தரிப்புக் காலத்தில் மூளைக் குருதிச் சுற்றோட்டம் என்னும் தலைப்பு, ஒரு பெண் கருவுற்றது முதல் மகப்பேற்றுக்குப் பின்னான சில வாரங்கள் வரை அவரது மூளையின் தமனிகள், நுண்குழாய்கள், சிரைகள் ஆகியவற்றிலும் அவற்றின் வழியே பாயும் குருதியிலும் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். இக்காலத்தில் கருப்பை, சிறுநீரகம், தோல் முதலிய உறுப்புகளுக்குச் செல்லும் குருதி பெருமளவு கூடுகிறது. மூளையின் நிலை வேறானது. மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி என்பதால், மூளைக்குச் செல்லும் குருதி மிகவும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆகவே உடல் முழுவதும் மாறும்போது மூளையில் மட்டும் நிலைமையை ஏறக்குறைய மாறாமல் காப்பதே இத்தகவமைப்பின் நோக்கம் எனலாம்.

பெரும்பாலான பெண்களில் இது எவ்விதச் சிக்கலுமின்றி நடைபெறுகிறது. இத்தகவமைப்பு தவறும்போது சூல்வலிப்பு, பக்கவாதம், மூளைச் சிரைக் குருதியுறைவு போன்ற நோய்கள் உண்டாகின்றன. இவை அரிதானவை எனினும் தாயின் உயிரைப் பறிக்கக் கூடியவை. இவற்றின் முதல் அறிகுறி பல வேளைகளில் ஒரு தலைவலி மட்டுமே.

மூளையின் குருதி வழங்கல்

வளர்ந்த மனிதரின் மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே ஆகும். எனினும் ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய 15 விழுக்காட்டையும், உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டையும் அது எடுத்துக்கொள்கிறது. நிமிடத்திற்குச் சுமார் 750 மில்லிலீட்டர் குருதி மூளைக்குச் செல்கிறது.

இக்குருதி நான்கு தமனிகள் வழியாக வருகிறது. கழுத்தின் முன்பகுதியில் இரு உட்கழுத்துத் தமனிகளும், முதுகெலும்பை ஒட்டி இரு முள்ளெலும்புத் தமனிகளும் உள்ளன. இவை மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமசு வில்லிசு 1664 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியதால் இது வில்லிசு வளையம் எனப்படுகிறது. பயன்படுத்தப்பட்ட குருதி சிரைகள் வழியாக மூளையுறைகளுக்கு இடையே உள்ள பெரிய சிரைக்குடாக்களை அடைந்து, அங்கிருந்து கழுத்துச் சிரைகளுக்குள் வடிகிறது.

உடல் முழுவதும் ஏற்படும் மாற்றங்கள்

மூளையில் நிகழ்வதைப் புரிந்துகொள்ள, முதலில் உடலின் பொதுவான குருதிச் சுற்றோட்டத்தில் நிகழும் மாற்றங்களை அறிதல் வேண்டும். அவற்றுள் முக்கியமானவை:

- குருதியின் மொத்தக் கனவளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. நீர்மப் பகுதி கூடும் அளவுக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. எனவே குருதி சற்று நீர்த்துவிடுகிறது.
- இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவு 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 10 முதல் 20 வரை கூடுகிறது.
- ஈத்திரோசன், புரொசெசுத்தரோன், இரிலாக்சின் ஆகிய இயக்குநீர்களின் விளைவாகக் குருதிக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இதனால் குருதியோட்டத்திற்கான தடை குறைகிறது.
- இதயம் கூடுதலாக உழைத்தும், தடை குறைவதால் குருதி அழுத்தம் சற்றுத் தாழ்கிறது. நடுமாதங்களில் மிகவும் தாழ்ந்து, பேறுகாலம் நெருங்கும்போது பழைய அளவை எட்டுகிறது.
- குருதியை உறையச் செய்யும் பைபிரினோசன் முதலிய பொருட்கள் கூடுகின்றன. உறைவைத் தடுக்கும் 'எசு' புரதம் குறைகிறது. மகப்பேற்றின்போது குருதி இழப்பைக் கட்டுப்படுத்த இது உதவுகிறது.

மூளைக் குழாய்களின் தகவமைப்பு

தன்சீராக்கம்

குழாய் ஒன்றில் பாயும் நீர்மத்தின் அளவு இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டையும் குழாயின் ஆரத்தையும் சார்ந்தது. 19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் புவாசேய் கண்டறிந்த விதியின்படி, ஓட்டமானது ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, ஆரம் 10 விழுக்காடு கூடினால் ஓட்டம் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். எனவே குழாயின் விட்டத்தைச் சிறிதளவு மாற்றுவதன் மூலமே ஓட்டத்தைப் பெருமளவு கட்டுப்படுத்த முடியும்.

மூளையின் சிறு தமனிகள் இதனைத் தாமாகவே செய்கின்றன. அழுத்தம் உயர்ந்தால் அவை சுருங்குகின்றன, தாழ்ந்தால் விரிகின்றன. இது தன்சீராக்கம் எனப்படும். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்சு லாசன் 1959 இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இக்கருத்து பரவலாக அறியப்பட்டது. சராசரி குருதி அழுத்தம் ஏறக்குறைய 60 முதல் 150 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும்வரை மூளைக்குச் செல்லும் குருதி ஏறக்குறைய நிலையாக இருக்கும் என்பது பாடநூல்களில் காணப்படும் விளக்கமாகும். இவ்வெல்லைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நலமான கருத்தரிப்பில் இத்தன்சீராக்கம் கெடுவதில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நெடுங்காலமாக உயர் குருதி அழுத்தம் உள்ளவர்களின் மூளைக் குழாய்ச் சுவர்கள் தடித்து, உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. கருவுற்ற இளம்பெண்ணின் குழாய்களுக்கு அப்பழக்கம் இல்லை. நடுமாதங்களில் அவை வழக்கத்தை விடத் தாழ்ந்த அழுத்தத்திலேயே இயங்கியுள்ளன. ஆகவே பிறருக்கு உடனடி ஆபத்து விளைவிக்காத அழுத்தமும், திடீரென ஏற்பட்டால், அவரது மூளையைப் பாதிக்கலாம்.

கரியமில வாயுவின் பங்கு

குருதியில் உள்ள கரியமில வாயு கூடினால் மூளைக் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். புரொசெசுத்தரோன் மூச்சுவிடுதலைத் தூண்டுவதால், கருவுற்ற பெண்ணின் தமனிக் குருதியில் கரியமில வாயுவின் அழுத்தம் சுமார் 40 இலிருந்து சுமார் 30 மி.மீ. பாதரச அளவுக்குக் குறைகிறது. இம்மாற்றம் மெதுவாக நிகழ்கிறது. சிறுநீரகங்களும் பைகார்பனேட்டை வெளியேற்றிக் குருதியின் காரத்தன்மையைப் பெருமளவு சரிசெய்துவிடுகின்றன. எனவே மூளைக் குழாய்கள் ஆபத்தான அளவுக்குச் சுருங்குவதில்லை.

குழாய்ச் சுவரின் மாற்றம்

மனித மூளைக்குள் உள்ள நுண்ணிய தமனிகளை நேரடியாக ஆராய்வது இயலாததால், இது பற்றிய அறிவு பெரும்பாலும் எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இருந்தே கிடைத்துள்ளது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மேரிலின் சிப்பொல்லா குழுவினர் இத்துறையில் பல ஆய்வுகளைச் செய்துள்ளனர். கருவுற்ற எலிகளில், மூளைத் திசுவுக்குள் ஊடுருவிச் செல்லும் சிறு தமனிகளின் உட்புழை அகன்று, சுவர் மெலிவது கண்டறியப்பட்டது. இம்மாற்றத்தில் இரிலாக்சினுக்குப் பங்கு உண்டு. கருவுற்ற எலிகளின் குருதி அழுத்தம் திடீரென உயர்த்தப்பட்டபோது அவற்றின் மூளை வீங்கியதும் காணப்பட்டது. அகன்ற புழையும் மெலிந்த சுவரும் உடைய குழாய், உயர் அழுத்தத்தைக் கீழே உள்ள நுண்குழாய்களுக்கு எளிதாகக் கடத்திவிடும் என்பது இதற்கான ஒரு விளக்கமாகும்.

குருதி-மூளைத் தடுப்பு

மூளை நுண்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்துள்ளன. இதனால் குருதியில் உள்ள பொருட்கள் எளிதில் மூளைக்குள் கசிவதில்லை. இது குருதி-மூளைத் தடுப்பு எனப்படுகிறது. கருத்தரிப்பின்போது, குருதிக்குழாய்களை வளர்க்கும் காரணிகளை நஞ்சுக்கொடி குருதியில் சுரக்கிறது. இக்காரணிகளுக்குக் குழாய்ச் சுவரைக் கசியச் செய்யும் இயல்பும் உண்டு. நலமான கருத்தரிப்பில் அவற்றைக் கட்டுப்படுத்தும் பொருட்களும் குருதியில் இருப்பதால் தடுப்பு குலையாமல் இருக்கிறது.

அளவிடும் முறைகள்

1982 இல் நோர்வேயைச் சேர்ந்த ரூனே ஆசுலிட்டும் அவரது குழுவினரும், மண்டையோட்டின் மெல்லிய பகுதி வழியாக மீயொலியைச் செலுத்தி மூளைத் தமனிகளில் குருதியின் வேகத்தை அளக்கும் முறையை அறிமுகப்படுத்தினர். கதிர்வீச்சு இல்லாத முறை என்பதால் கருவுற்ற பெண்களில் இது பெரிதும் பயன்படுத்தப்பட்டது. கருத்தரிப்புக் காலம் முன்னேற முன்னேற நடு மூளைத் தமனியில் குருதியின் வேகம் படிப்படியாகக் குறைவதாக இவ்வாய்வுகள் காட்டின.

வேகம் குறைந்தால் ஓட்டமும் குறைந்ததாகக் கொள்ள முடியாது. குழாய் அகன்றாலும் வேகம் குறையும். மொத்த ஓட்டத்தை நேரடியாக அளந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. காந்த ஒத்ததிர்வு முறையில் பெரிய மூளைத் தமனிகளை அளந்த ஆய்வொன்று பேறுகாலம் நெருங்கும்போது ஓட்டம் குறைவதாகக் கண்டது. கழுத்துத் தமனியை மீயொலியால் அளந்த மற்றோர் ஆய்வு ஓட்டம் கூடுவதாகக் கண்டது. அளக்கப்பட்ட குழாயும் முறையும் வேறுபடுவது இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. இரண்டிலும் மாற்றம் மிதமானதே. கருப்பைக்குச் செல்லும் குருதி பன்மடங்கு உயர்வதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

தகவமைப்பு தவறும்போது

முன்சூல்வலிப்பும் சூல்வலிப்பும்

கருத்தரித்து 20 வாரங்களுக்குப் பின் குருதி அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுதலோ உறுப்புகளின் பாதிப்போ காணப்படும் நிலை முன்சூல்வலிப்பு ஆகும். உலக அளவில் 2 முதல் 8 விழுக்காடு கருத்தரிப்புகளில் இது ஏற்படுகிறது. பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடி வெளியிடும் பொருட்கள் உடல் முழுவதும் உள்ள குருதிக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. மூளையில் தன்சீராக்கமும் குருதி-மூளைத் தடுப்பும் நலிவடைகின்றன. இந்நிலையில் வலிப்பு ஏற்பட்டால் அது சூல்வலிப்பு எனப்படும். எக்லாம்ப்சியா என்னும் இதன் மருத்துவப் பெயர், திடீரென மின்னுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததாகும்.

சூல்வலிப்பு வந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கும்போது, பெரும்பாலும் பின்பகுதியில் நீர்க்கசிவும் வீக்கமும் காணப்படுகின்றன. 1996 இல் ஜூடி இன்சியும் அவரது குழுவினரும் இத்தகைய பாதிப்பை விவரித்தனர். உரிய காலத்தில் சிகிச்சை அளித்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது என்பதால் இது மீளக்கூடிய பின்மூளைப் பாதிப்பு என அழைக்கப்படுகிறது. முள்ளெலும்புத் தமனிகளின் வழியே குருதி பெறும் பின்மூளைக் குழாய்களில், சுருங்கச் செய்யும் பரிவு நரம்புகள் முன்மூளையில் இருப்பதை விடக் குறைவு. அழுத்தம் உயரும்போது அப்பகுதி முதலில் பாதிக்கப்படுவதற்கு இது காரணமாகச் சொல்லப்படுகிறது. பார்வைக்குரிய புறணியும் அங்கேயே உள்ளது. கண் மங்குதல், ஒளிப்பொறிகள் தெரிதல், தற்காலிகப் பார்வையிழப்பு ஆகியவை ஏற்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

மூளைக் குருதிக்கசிவு

முன்சூல்வலிப்பினால் நேரும் இறப்புகளில் மூளைக் குருதிக்கசிவு ஒரு முக்கிய காரணமாகும். நெடுங்காலமாக, இரு எண்களில் கீழ் எண் 110 ஐத் தாண்டுவதே ஆபத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கடுமையான முன்சூல்வலிப்பின்போது பக்கவாதம் ஏற்பட்ட 28 பெண்களை ஆராய்ந்தது. பக்கவாதத்துக்கு முன்னான அளவீடு கிடைத்த 24 பேரிலும் மேல் எண் 155 ஐத் தாண்டியிருந்தது. கீழ் எண் 110 ஐ எட்டியவர்கள் 3 பேர் மட்டுமே. மேல் எண் 160 ஐ எட்டினாலே உடனடியாகச் சிகிச்சை தேவை என்னும் நிலைப்பாட்டிற்கு இவ்வாய்வு வலுவூட்டியது.

சிரைக் குருதியுறைவு

உறையும் தன்மை கூடிய குருதி, மூளையின் சிரைக்குடாக்களில் உறைந்து வடிகாலை அடைத்துவிடலாம். குருதி வெளியேற வழியின்றி மூளையில் அழுத்தம் உயர்கிறது. நாட்கணக்கில் வளரும் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். இது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களிலும், அதைவிட அதிகமாக மகப்பேற்றுக்குப் பின்னான வாரங்களிலும் ஏற்படுகிறது.

இந்திய மருத்துவமனைகளில் இந்நோய் நெடுங்காலமாகப் பதிவாகி வந்துள்ளது. நீரிழப்பு, குருதிச்சோகை, நோய்த்தொற்று ஆகியவை இதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நீர் கொடுப்பதைக் குறைக்கும் வழக்கம் சில பகுதிகளில் இருந்து வந்ததை மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு காரணியாகச் சுட்டியுள்ளனர். தாய்ப்பால் சுரப்புக்கும் நீர் தேவை என்பதால், தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்த விடுவதே மருத்துவ அறிவுரையாகும்.

மீளக்கூடிய குழாய்ச் சுருக்கம்

மகப்பேற்றுக்குப் பின்னான முதல் சில வாரங்களில் மூளைத் தமனிகள் ஆங்காங்கே மணிகோத்தாற்போல் சுருங்கும் நிலை ஒன்று உண்டு. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டும் தலைவலி இதன் சிறப்பு அறிகுறியாகும். பொதுவாக மூன்று மாதங்களுக்குள் குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் எனினும், சிலருக்கு இடையில் பக்கவாதம் ஏற்படலாம்.

பிட்யூட்டரி சுரப்பி

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கருத்தரிப்பின்போது பெரிதாகிறது. மகப்பேற்றின்போது மிகுதியாகக் குருதி இழந்து அழுத்தம் தாழ்ந்தால், பெரிதான இச்சுரப்பிக்குக் குருதி போதாமல் அதன் திசு அழியலாம். கிளாஸ்கோ நகரின் நோயியலாளர் ஆரல்ட் சீகன் 1937 இல் இதனை விவரித்தார். தாய்ப்பால் சுரக்காமையும் மாதவிடாய் திரும்பாமையும் இதன் அடையாளங்கள். மேற்கண்ட நோய்களில் உயர் அழுத்தமோ உறைவோ தீங்கு செய்ய, இங்கே தாழ் அழுத்தம் தீங்கு செய்கிறது.

மகப்பேற்றுக்குப் பின்னான நாட்கள்

குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மூளையைப் பொறுத்தவரை இது சரியன்று. கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த குருதி பொதுச் சுற்றோட்டத்திற்குத் திரும்புகிறது. திசுக்களில் தேங்கிய நீரும் குழாய்களுக்குள் வருகிறது. மகப்பேற்றுக்குப் பின் ஏறக்குறைய 3 முதல் 6 ஆம் நாளுக்குள் குருதி அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது. இந்நாட்களில் பலர் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பியிருப்பர். கருத்தரிப்புக் காலத்தில் இயல்பான அழுத்தம் இருந்த பெண்ணுக்கும் இப்போது முதன்முறையாகச் சூல்வலிப்பு வரலாம்.

கருத்தரிப்போடு தொடர்புடைய பக்கவாதம் ஒரு இலட்சம் கருத்தரிப்புகளில் சுமார் 30 பேருக்கு ஏற்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மகப்பேற்றை ஒட்டிய நாட்களும் அதற்குப் பின்னான ஆறு வாரங்களுமே இதற்கு மிகவும் வாய்ப்பான காலமாகும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

கருவுற்ற காலத்தில் தலைவலி பொதுவானது, பெரும்பாலும் தீங்கற்றது. ஒற்றைத் தலைவலி உள்ள பெண்கள் பலருக்குப் பின்மாதங்களில் அது குறையவும் செய்கிறது. தண்டுவடத்தில் மயக்க மருந்து செலுத்தப்பட்ட பின், எழுந்தால் கூடியும் படுத்தால் குறைந்தும் வரும் தலைவலி வேறு வகையானது. கீழ்க்காணும் அறிகுறிகள் கருத்தரிப்பின் பிற்பாதியிலோ மகப்பேற்றுக்குப் பின்னான ஆறு வாரங்களிலோ தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்:

- திடீரெனத் தோன்றும் அல்லது வழக்கத்திற்கு மாறான கடும் தலைவலி
- கண் மங்குதல், ஒளிப்பொறிகள் தெரிதல், இரட்டையாகத் தெரிதல்
- வலிப்பு, மயக்கம், குழப்பம்
- பேச்சுக் குளறுதல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல்
- மேல் வயிற்றில் கடும் வலி. முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம்

மருத்துவமனையில் முதலில் செய்ய வேண்டியது குருதி அழுத்தத்தை அளப்பதாகும். தேவைப்பட்டால் மூளையைப் படம் எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. காந்த ஒத்ததிர்வுப் படத்தில் ஊடுகதிர் பயன்படுத்தப்படுவதில்லை. தலையை மட்டும் எடுக்கும் சி.டி. படத்தில் கருவை அடையும் கதிர்வீச்சு மிகமிகச் சிறிது.

சிகிச்சையும் தடுப்பும்

குருதி அழுத்தம் 160/110 அல்லது அதற்கு மேல் நீடித்தால் லபெட்டலால், நிபெடிப்பின், ஐதரலசீன் போன்ற மருந்துகள் விரைவாக அளிக்கப்படுகின்றன. அழுத்தத்தை ஒரேயடியாகத் தாழ்த்துவதில்லை; தாழ்த்தினால் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதி குறைந்துவிடும்.

சூல்வலிப்பைக் கட்டுப்படுத்த மக்னீசியம் சல்பேட்டு பயன்படுத்தப்படுகிறது. விலை குறைந்த இவ்வுப்பு, வழக்கமான வலிப்பு மருந்துகளை விடச் சிறந்தது என்பது 1995 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் நிறுவப்பட்டது. மீண்டும் வலிப்பு வரும் வாய்ப்பு, டயசிபாம் பெற்றோரை விட 52 விழுக்காடும், பெனிட்டாயின் பெற்றோரை விட 67 விழுக்காடும் குறைவாக இருந்தது. 2002 இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். முன்சூல்வலிப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்தை முன்கூட்டியே அளித்தால் சூல்வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேலாகக் குறைவதாக அது காட்டியது. அளவு மிகுந்தால் மூச்சு தடைப்படும் என்பதால் முழங்கால் அனிச்சை, மூச்சு வீதம், சிறுநீரின் அளவு ஆகியவற்றைக் கண்காணித்தல் வேண்டும்.

சிரைக் குருதியுறைவுக்கு எப்பாரின் வகை மருந்துகள் அளிக்கப்படுகின்றன. இவை நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்கு, மருத்துவரின் அறிவுரைப்படி 16 ஆம் வாரத்திற்கு முன்பிருந்தே குறைந்த அளவு ஆசுப்பிரின் கொடுப்பது நோயைத் தடுக்க உதவுகிறது. உணவில் கால்சியம் குறைந்த மக்களிடையே கருவுற்ற பெண்களுக்குக் கால்சியம் அளிக்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

பிற்கால விளைவுகள்

நலமான கருத்தரிப்பில் ஏற்பட்ட சுற்றோட்ட மாற்றங்கள் மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. முன்சூல்வலிப்பு வந்த பெண்களுக்கோ, பிற்காலத்தில் பக்கவாதமும் இதய நோயும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. எனவே முன்சூல்வலிப்பு வந்த பெண், குழந்தை வளர்ந்த பின்னரும் ஆண்டுதோறும் குருதி அழுத்தத்தை அளந்துகொள்வதும், வேறு நோய்க்காக மருத்துவரைக் காணும்போது தம் பேறுகால நோயைத் தெரிவிப்பதும் நன்று.